கேட்டார், கெட்டார்: பார்வையற்ற வாசகருக்காக மெய்ப்பு பார்ப்பது

“அரசர் கேட்டார். மந்திரி சரணம் என்று பாதத்தில் விழுந்தார்.” பழைய கதைப் புத்தகங்களில் இந்த மாதிரி வரிகளுக்குப் பஞ்சமில்லை. இதை ஸ்கேன் செய்து, பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் ஓ.சி.ஆர். மென்பொருளிடம் கொடுத்தால், அச்சு கொஞ்சம் மங்கலாக இருக்கும் பட்சத்தில் இப்படித் திரும்பி வரலாம்: “அரசர் கெட்டார். மந்திரி சாணம் என்று பரதத்தில் விழுந்தார்.”

விளக்குவதற்காக மூன்று பிழைகளை ஒரே இடத்தில் நானே அடுக்கிய வரி இது. ஆனால் பிழைகள் கற்பனை இல்லை. இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பாவதும், ரகரம் துணைக்காலாவதும், துணைக்கால் ரகரமாவதும் தமிழ் ஸ்கேன்களில் அன்றாடம் நடப்பவை. எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் இதில் எதையும் கண்டுகொள்ளாது. கெட்டார், சாணம், பரதம் எல்லாமே அகராதியில் இருக்கிற சொற்கள்தானே.

கண்ணால் படிக்கிறவர் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ‘சாணம்’ எங்கிருந்து வந்தது என்பது அவருக்குப் பார்த்தவுடன் புரிந்துவிடும், ஏனென்றால் ர எப்படி இருக்கும், துணைக்கால் எப்படி இருக்கும் என்று அவர் கண்ணுக்குத் தெரியும். காதால் கேட்கிறவருக்கு அந்த வசதி இல்லை. திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் சொல்வதை அவர் பெரும்பாலும் நாம் பேசும் வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். சாணத்தைப் பிடித்துவிடுவார். ‘அரசர் கெட்டார்’ என்பதை? கதையில் அரசர்கள் கெடுவது வழக்கம்தான். கெட்டுப்போன அரசர் அடுத்த பக்கத்தில் சாவகாசமாக உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எங்கோ இடிக்கும். அப்போதும் பிழை ஸ்கேனிலா, ஆசிரியரிடமா, தான் கேட்டதிலா என்று முடிவு செய்ய அவர் கையில் மூலப் பக்கம் இல்லை. இருந்தாலும் பயனில்லை.

மெய்ப்பு பார்ப்பது, அதாவது கோப்பை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவது என்ற வேலையின் கனம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பவருக்குப் பின்னால் ஆசிரியர் இருக்கிறார், பதிப்பாளர் இருக்கிறார், கடைசியில் விவரமான வாசகரும் இருக்கிறார். பார்வையற்ற வாசகருக்காக மெய்ப்பு பார்ப்பவருக்குப் பின்னால் யாரும் இல்லை. புத்தகத்தையும் கோப்பையும் சேர்த்துப் பார்த்த கடைசி ஆள் அவர்தான். அவர் விட்டது அந்த வாசகருக்குப் புத்தகமாகவே ஆகிவிடும்.

முதலில் எதற்கு இந்த ஸ்கேன்? உலகில் வெளியாகும் நூல்களில் பத்தில் ஒன்றுகூடப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு வருவதில்லை என்பது உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் பல காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. பிரெயிலில் அச்சிட்டால் ஒரு நாவல் பல தடிமனான தொகுதிகளாகும். ஒலிப்பதிவு செய்யலாம், ஆனால் அதற்கு நேரமும் குரலும் வேண்டும். கேட்டு முடித்த பிறகு ஒரு சொல்லில் வருவது னகரமா ணகரமா, லகரமா ளகரமா என்று மாணவருக்குத் தெரியவே தெரியாது. எழுத்துக் கோப்பாகக் கையில் இருந்தால் அதையே குரலாகக் கேட்கலாம், பிரெயில் திரையில் விரலால் தடவிப் படிக்கலாம், தேடலாம், ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்ல வைக்கலாம். அதனால்தான் எழுத்துக் கோப்புக்கு இத்தனை மதிப்பு.

1976 ஜனவரியில் ரே கர்ஸ்வைல் என்ற அமெரிக்கர் ஒரு வாசிப்பு இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். அச்சடித்த பக்கத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தால் அது உரக்கப் படிக்கும். அன்றைய இரவுச் செய்தியை முடித்துவைக்கும் வழக்கமான வரியை, செய்தி வாசிப்பாளர் வால்டர் குரோங்கைட் அந்த இயந்திரத்தைவிட்டே சொல்ல வைத்தார். விற்பனைக்கு வந்த முதல் இயந்திரத்தை வாங்கியவர் பாடகர் ஸ்டீவி வொண்டர். அந்த மாதிரி வசதி உள்ளவர்களும் பெரிய நூலகங்களும்தான் வாங்க முடிகிற விலை. கலிபோர்னியாவில் ஓ.சி.ஆர். நிறுவனம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த ஜிம் ஃப்ரக்டர்மேன், சாதாரணக் கணினியில் ஓடுகிற மலிவான ஒன்றைச் செய்யலாம் என்றார். பார்வையற்றோர் சந்தை ரொம்பச் சின்னது என்று முதலீட்டாளர்கள் கைவிரித்தார்கள். 1989-இல் ஆர்க்கன்ஸ்டோன் என்று ஒரு லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கி அதை அவரே செய்தார்.

அதற்கப்புறம் நடந்தது சுவாரசியமானது. ஸ்கேனரும் மென்பொருளும் வீட்டுக்கு வந்ததும் பார்வையற்றவர்களே தங்களுக்கு வேண்டிய புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு நாவலுக்குச் சில மணி நேரம் ஆகும். அப்புறம் பிழை திருத்த இன்னும் பல மணி நேரம். பிரபலமான புத்தகம் வந்தால் அதையே நூற்றுக்கணக்கானவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து தனித்தனியாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் நாப்ஸ்டர் என்ற இணையச் சேவை வழியாக உலகமே பாட்டுகளைப் பகிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த ஃப்ரக்டர்மேனுக்கு, ஒருவர் ஸ்கேன் செய்ததை மற்றவரும் எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. நாப்ஸ்டருக்கு இல்லாத சட்டப் பாதுகாப்பு இதற்கு இருந்தது. 1996-இல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த சாஃபி திருத்தம், அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக உரிய அமைப்புகள் அனுமதி கேட்காமலேயே நூல்களை மாற்று வடிவத்தில் தரலாம் என்கிறது. 2002-இல் புக்ஷேர் என்ற இணைய நூலகம் தொடங்கியது. இன்று அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள் இருக்கின்றன.

ஆரம்ப ஆண்டுகளில் புக்ஷேர் ஓடியது தன்னார்வலர்களால்தான். ஒருவர் புத்தகத்தை ஸ்கேன் செய்து ஏற்றுவார். முதுகைக் கத்தரித்துத் தாள் தாளாகப் பிரித்துப் போடுகிறவர்களும் உண்டு, புத்தகத்தை விரித்துக் கவிழ்த்துப் பொறுமையாக எடுக்கிறவர்களும் உண்டு. இன்னொருவர் அதை எடுத்து மெய்ப்பு பார்ப்பார். தரத்துக்கு ஏற்ப மிக நன்று, நன்று, சுமார் என்று மதிப்பும் போடுவார்கள். சுமாரான கோப்பையும் ஏன் ஏற்றார்கள் என்று கேட்கலாம். மறுநாள் தேர்வு வைத்திருக்கிற மாணவருக்கு, பிழையோடு இருக்கிற பாடநூல் இல்லாத பாடநூலைவிட மேல். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. ஆனால் சுமார் என்ற மதிப்போடு உள்ளே போனது பிறகு யாராலும் திருத்தப்படாமல் சுமாராகவே தங்கிவிடும் ஆபத்தும் இதில் இருக்கிறது.

மெய்ப்பு பார்த்தவர்களில் கணிசமானவர்கள் பார்வையற்றவர்கள். இதை முதலில் கேட்கிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். பக்கத்தையே பார்க்க முடியாதவர் எப்படிப் பிழை பிடிப்பார்? பிடிப்பார், நம்மைவிட நன்றாகவே. கண்ணால் படிக்கிறவர்கள் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. சில எழுத்துகளையும் சூழலையும் வைத்து மிச்சத்தை மனமே நிரப்பிக்கொள்கிறது. எதிர்பார்த்த சொல்தான் இருக்கிறது என்று கண் சத்தியம் செய்யும். இயந்திரக் குரலுக்கு எந்த எதிர்பார்ப்பும் கிடையாது. எழுதியிருப்பதை அப்படியே சொல்லும். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் நெருங்கி நின்றால் ஓ.சி.ஆருக்கு அது எம் ஆகத் தெரியும். ‘மாடர்ன்’ என்பது ‘மோடெம்’ ஆகிவிடும். திரையில் அந்த இரண்டு சொல்லையும் வேறுபடுத்த கண் இடுங்கிப் பார்க்க வேண்டும்; காதில் விழுந்தால் யாரும் தவறவிட மாட்டார்கள்.

பார்வையற்ற மெய்ப்புப் பார்ப்பவரால் முடியாதது ஒன்று உண்டு. பிழை என்று தெரிந்த இடத்தில் சரியான சொல் என்ன என்று புத்தகத்தில் போய்ப் பார்ப்பது. சூழலை வைத்து ஊகிக்கலாம், மறுபடி ஸ்கேன் செய்து பார்க்கலாம். இரண்டு வரி விடுபட்டிருந்தாலோ, ஊர்ப்பெயர் சிதைந்திருந்தாலோ, எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலோ ஊகம் உதவாது. அங்கேதான் பார்வையுள்ளவர் தேவைப்படுகிறார்.

இனி தமிழுக்கு வருவோம். இங்கே விஷயம் ஆங்கிலத்தைவிடச் சிக்கலாகவும், ஒரு வகையில் நமக்குப் பழக்கமானதாகவும் இருக்கிறது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே.சாமிநாதையரும் எதிர்கொண்ட பாடு என்ன? சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். சூழலை வைத்துத்தான் படிக்க வேண்டும். அச்சு வந்து, எகர ஏகாரங்களுக்கு வீரமாமுனிவர் செய்ததாகச் சொல்லப்படும் வேறுபாடு நிலைபெற்று, புள்ளியும் காலும் தெளிவாகி, எல்லாம் சரியானது. இப்போது ஓ.சி.ஆர். செய்கிற பிழைகளைப் பட்டியல் போட்டுப் பாருங்கள்: விட்டுப்போன புள்ளி, கொம்புக் குழப்பம், ர–கால் குழப்பம். சுவடிப் பதிப்பாசிரியர் உட்கார்ந்த அதே இடத்தில் நம்மைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது இயந்திரம்.

ர–கால் பிழையில் இரண்டு வகை. ‘நாடகம்’ ‘நரடகம்’ ஆவது தொல்லையில்லாத வகை. சொல்லே கிடையாது என்பதால் உடனே மாட்டிக்கொள்ளும். ‘தரம்’ ‘தாம்’ ஆவதும் ‘பரணி’ ‘பாணி’ ஆவதும் ‘பாதம்’ ‘பரதம்’ ஆவதும் இரண்டாவது வகை. இரண்டு பக்கமும் நல்ல சொற்கள். பக்திப் பாடல் தொகுப்பில் ‘சரணம்’ வருகிற ஒவ்வோர் இடத்தையும் தனியாகத் தேடிப் பார்ப்பது நல்லது, ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கொம்பிலும் இதே கதைதான்: கொடு–கோடு, தொடு–தோடு, கெட்டான்–கேட்டான். குறில் நெடில் சுழியில் விடு–வீடு. “வீட்டை விடு” என்று இருந்தது “விட்டை விடு” ஆகலாம். புள்ளி போனால் ‘கண்’ ‘கண’ ஆகும், ‘கல்’ ‘கல’ ஆகும். கண்ணுக்கு ஒரு தூசி அளவு வித்தியாசம். காதுக்கு ஓர் உயிரெழுத்து கூடுதல், பிரெயிலில் விரலுக்கு ஒரு கட்டம் குறைவு.

இவையெல்லாம் கண்ணுக்குக் கொஞ்சமாவது தெரிகிற பிழைகள். கண்ணுக்குத் தெரியவே தெரியாத பிழைகளும் தமிழில் உண்டு. கௌரவம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறியின் வலப்பக்கம் ளகரம் போலவே இருக்கும். அதனால் ஓ.சி.ஆர். மட்டுமல்ல, தட்டச்சு செய்கிற மனிதர்களும் ‘கெ’ போட்டு அடுத்து ‘ள’ போட்டு விடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். திரைவாசிப்பான் ‘கெ-ள-ர-வம்’ என்று நாலாகப் பிய்த்துப் படிக்கும். பௌர்ணமியும் அப்படியே. ஔவையார் ‘ஒ-ள-வையார்’ ஆகிவிடுவார். எ என்ற எழுத்துக்குப் பதில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண் உட்கார்ந்துகொள்வதும் நடக்கும். கண்ணுக்கு ‘என்று’ என்றே தெரிகிற சொல் குரலில் ஓர் எண்ணோடு தொடங்கும். இந்த வகைப் பிழைகளை எவ்வளவு கூர்மையான கண்ணாலும் பிடிக்க முடியாது. காதுதான் பிடிக்கும். அல்லது முன்கூட்டியே சந்தேகப்பட்டு, ‘கெள’, ‘பெள’, ‘ஒள’ என்று கோப்பு முழுக்கத் தேடிப் பார்க்கிற பழக்கம் பிடிக்கும். தேடும்போதும் கவனம் வேண்டும்: ‘ஒளி’, ‘ஒளவை’ இரண்டும் வரிசையாக வந்து நிற்கும். மொத்தமாக மாற்று என்று பொத்தானை அமுக்கினால் புத்தகத்தில் உள்ள ஒளியெல்லாம் போய்விடும்.

புத்தகம் எந்தக் காலத்தது என்பதும் முக்கியம். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை வளைத்ததுபோல மேலே ஏறும் வடிவம். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வடிவம். இன்றைய எழுத்துருக்களைப் பார்த்தே பழகிய ஓ.சி.ஆர். இவற்றைப் பார்த்தால் திணறும். ஒவ்வொரு ‘லை’யும் ஒவ்வொரு விதமாக வரும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், பழைய இலக்கண நூல்கள், சுதந்திரத்துக்கு முந்தைய வரலாற்று நூல்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். தமிழ் எம்.ஏ. படிக்கிற பார்வையற்ற மாணவருக்கு வேண்டியவையும் இவைதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் தமிழுக்கென்றே ஓ.சி.ஆர். உருவாக்கி, அது பிரெயில் புத்தகத் தயாரிப்புக்கும் பயன்பட்டிருக்கிறது. கூகுளின் ஓ.சி.ஆரும் தமிழைக் கடந்த பத்தாண்டுகளில் வெகுவாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் பழுப்பேறிய தாள், தேய்ந்த ஈய எழுத்து, பின்பக்கத்து மை தெரிவது என்று வந்தால் இந்த வகை மென்பொருள் எல்லாமே ஒரே நிலைமைக்கு இறங்கிவிடும்.

வரி முடிவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கில அச்சில் சொல்லை உடைத்தால் ஒரு கோடு போடுவார்கள். தமிழ் அச்சில் அந்தக் கட்டாயம் இல்லை; இடம் தீர்ந்தால் ‘நினைத்துக்கொண்’ என்று நிறுத்திவிட்டு ‘டிருந்தான்’ என்று அடுத்த வரியைத் தொடங்கிவிடுவார்கள். வாசகர் கண்ணே ஒட்டிக்கொள்ளும். கோப்பில் இது இரண்டு துண்டாகக் கிடக்கும். குரல் ‘கொண்’ என்று நிறுத்தி மூச்சு வாங்கி ‘டிருந்தான்’ என்று தொடங்கும். ஒரு பக்கத்தில் இப்படிப் பத்துப் பதினைந்து வந்தால் கேட்கிறவர் கதையைக் கேட்பாரா, ஒட்டுப்போடுவாரா? பக்கம் முடிகிற இடத்தில் இன்னும் மோசம். பாதிச் சொல், அதன் கீழே பக்க எண், அடுத்த பக்கத்தின் உச்சியில் நூலின் பெயர், அதற்குக் கீழே மீதிச் சொல். “அவள் கதவைத் திறந் நூற்றுப்பதினான்கு பாரத தேச சரித்திரம் தாள்” என்று குரல் எந்தச் சங்கடமும் இல்லாமல் படித்துக்கொண்டே போகும்.

இந்த மேல்வரிகளை நீக்குவதற்கு மென்பொருள் உண்டு. சில சமயம் அத்தியாயத் தலைப்பையும் மேல்வரி என்று நினைத்து அது விழுங்கிவிடும் என்பதால், ஒவ்வோர் அத்தியாயத் தொடக்கத்தையும் கையால் சரிபார்க்கிறவர்கள்தான் நல்ல மெய்ப்புப் பார்ப்பவர்கள். பக்க எண்ணை என்ன செய்வது? தூக்கி எறியக் கூடாது. வகுப்பில் ஆசிரியர் “எண்பத்திரண்டாம் பக்கத்தை எடுங்கள்” என்றால் பார்வையற்ற மாணவரும் எடுக்க வேண்டும். ஆய்வேட்டில் அவரும் பக்க எண்ணோடு மேற்கோள் காட்ட வேண்டும். அதனால் பக்க எண்ணை வாக்கியத்தின் நடுவிலிருந்து எடுத்து, பக்கக் குறி என்று அடையாளமிட்டு வைப்பார்கள். டெய்சி, இ-பப் மாதிரியான மின்னூல் வடிவங்களில் இந்தக் குறிக்குத் தனி இடம் உண்டு. வேண்டும்போது அதற்குத் தாவலாம், வேண்டாதபோது அது காதில் விழாது. தலைப்புகளும் அப்படித்தான். பெரிய எழுத்தில் தடிமனாக இருந்தால் கண்ணுக்குத் தலைப்பு. காதுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். இது தலைப்பு, இது துணைத் தலைப்பு என்று கோப்பில் குறித்தால்தான் திரைவாசிப்பான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும். அறுநூறு பக்க நூலில் ஏழாம் அத்தியாயத்தைத் தேடி முதலிலிருந்து ஓட்டிக் கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் ‘பிழையும் திருத்தமும்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தி. ஓ.சி.ஆர். இதை நெடுக்கில் படிப்பதா குறுக்கில் படிப்பதா என்று தெரியாமல் எண்களையும் சொற்களையும் கலந்து கொட்டும். பதிப்பாளரே ஒப்புக்கொண்ட திருத்தங்கள் என்பதால் அவற்றை உள்ளே உரிய இடத்தில் செய்துவிட்டு, செய்ததாக முன்குறிப்பில் ஒரு வரி சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. பட்டியலை எடுத்துவிடக் கூடாது, ஆனால் அதை மட்டும் வைத்துவிட்டால் போதாது. ஒரு பக்கத்தின் பதினெட்டாம் வரி எது என்று பார்வையற்ற வாசகரால் எண்ண முடியாது, எண்ணக்கூடியவர்களே எண்ணுவதில்லை.

ஆனால் திருத்தத்துக்கு எல்லை எது? புக்ஷேர் மாதிரியான இடங்களில் விதி தெளிவானது: ஸ்கேன் செய்த பிழையைத் திருத்து, ஆசிரியர் எழுதியதைத் தொடாதே. சொல்வது சுலபம். தமிழில் சந்தி விட்டுப்போன இடத்தைப் பார்த்தால் ஒற்று போடத் துடிக்கிறவர்கள் நம்மில் நிறைய. கரிசல் காட்டுக் கதையில் “அவுக வந்தாக” என்று இருந்தால், ஓ.சி.ஆர். உளறியிருக்கிறதோ என்று ஒரு கணம் தோன்றும். நாஞ்சில் நாட்டுப் பேச்சோ, யாழ்ப்பாணப் பேச்சோ, கொங்குப் பேச்சோ அந்த ஊர் பழகாதவருக்குப் பிழைபோலவே இருக்கும். திருத்தினால் கதை செத்துவிடும். பார்வையற்ற வாசகருக்கு நாம் கொடுக்க வேண்டியது மற்றவர்கள் கடையில் வாங்கிப் படிக்கும் அதே புத்தகம். சுத்தப்படுத்திய, எளிமையாக்கிய இன்னொன்று அல்ல. கெட்ட வார்த்தை வந்தாலும் அப்படித்தான். அதை நீக்குகிற ‘நல்ல மனசு’க்காரர்கள் இருக்கிறார்கள். வளர்ந்த ஒரு மனிதர் என்ன படிக்கலாம் என்று இவர்கள் ஏன் முடிவு செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றவும், லாப நோக்கமில்லாமல் அவர்களுடன் பகிரவும் பதிப்பாளரின் அனுமதி தேவையில்லை, தனிநபரும் செய்யலாம். அது பொதுச் சந்தைக்குக் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாடு விட்டு நாடு கோப்புகள் போய்வர வழி செய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013 ஜூனில் நிறைவேறியது. அதை உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014 ஜூனில். ஒப்பந்தம் 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியது. பார்வையற்றோருக்கு நூல் தயாரிப்பவர்களின் கூட்டமைப்பான டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியாவில் உள்ள அமைப்புகள் தங்கள் நூல்களை அதில் சேர்க்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் என்கிறது. ஆக, சட்டம் தடையில்லை. நல்ல கோப்புகள் போதவில்லை என்பதுதான் குறை.

அமெரிக்காவில் இன்று ஸ்கேன் வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. பதிப்பாளர்களே மின்கோப்பை நேரடியாக அனுப்பிவிடுகிறார்கள். தமிழ்ப் பதிப்பாளரும் அனுப்பலாமே என்றால், அங்கேயும் ஒரு முடிச்சு. இருபது முப்பது ஆண்டுகளாகத் தமிழ்ப் புத்தகங்கள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில்தான் கோக்கப்பட்டன. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை. கோப்பைத் திறந்தால் திரையில் அழகான தமிழ். அதன் அடியில் கிடப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. திரைவாசிப்பான் படிப்பது அதைத்தான். மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு, என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி. அவையும் சில எழுத்துகளில் இடறும். ஆனால் ஸ்கேன் செய்வதோடு ஒப்பிட்டால் அந்த வேலை கால்வாசிகூட இருக்காது. பதிப்பகத்தின் பழைய வட்டில் கிடக்கும் ஒரு கோப்பு கிடைத்தால் பல வார உழைப்பு மிச்சம். கேட்டால் கொடுக்கிற பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். கேட்கத்தான் ஆள் குறைவு.

இன்னொரு பக்கம், தன்னார்வலர்கள் நூல்களை ஏற்றி மெய்ப்பு பார்க்கும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பொதுவெளிக்குத் தந்த நாட்டுடைமை நூல்கள் உட்பட ஏராளமான நூல்கள் அங்கே பக்கப் படமும் எழுத்தும் அருகருகே இருக்கும்படி ஏற்றப்பட்டிருக்கின்றன. மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவரும் சரிபார்த்தது பச்சை. பார்வையற்றோருக்காக என்று தனியாகத் தொடங்கிய திட்டம் அல்ல அது. ஆனால் அங்கே பச்சையாகிற ஒவ்வொரு பக்கமும் திரைவாசிப்பானுக்கும் ஆயத்தமான பக்கம்தான். மஞ்சளிலும் பச்சையிலும்கூட அந்த ‘கெள’ மறைந்திருக்கலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அங்கே பார்ப்பவை பெரும்பாலும் கண்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி மெய்ப்பு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். படத்தைக் கொடுத்தால் எழுத்தாக்கித் தரும் பெரிய மொழி மாதிரிகள் நிஜமாகவே பிரமாதமாக வேலை செய்கின்றன. தேய்ந்த எழுத்தைச் சூழல் பார்த்துப் படிக்கின்றன, உடைந்த சொற்களை ஒட்டுகின்றன, ‘சாணம்’ சரணமாகவே வருகிறது. ஆனால் பிழையின் சுபாவமே மாறிவிட்டது. பழைய ஓ.சி.ஆருக்குத் தெரியாத இடத்தில் உளறும். உளறலைக் கேட்டதும் பிழை என்று தெரிந்துவிடும். புதியவற்றுக்குத் தெரியாத இடத்தில் பொருத்தமான ஒன்றைச் சொல்லிவிடும். “அவுக வந்தாக” என்பது “அவர்கள் வந்தார்கள்” என்று அழகாக வந்து உட்காரும். மை அழிந்த அரை வரியை அதுவே எழுதி நிரப்பியிருக்கும். சில சமயம் ஒரு பத்தியே காணாமல் போயிருக்கும், முன்னும் பின்னும் தையல் தெரியாமல்.

அச்சுக்கோத்த காலத்தில் அச்சகங்களில் காப்பி ஹோல்டர் என்று ஒருவர் இருப்பார். அவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார். மெய்ப்புப் பார்ப்பவர் அதைக் கேட்டபடி அச்சுத்தாளில் கண் ஓட்டுவார். பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் சேர்ந்து செய்யும் மெய்ப்பு இதன் தலைகீழ் ஏற்பாடு. பார்வையற்றவர் கோப்பு முழுவதையும் கேட்டு, இடறிய இடங்களைக் குறித்துத் தருவார். பார்வையுள்ளவர் அந்த இடங்களை மட்டும் பக்கப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். பழைய ஓ.சி.ஆர். கோப்புகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. புதிய கருவிகள் தரும் கோப்பில் காது இடறுவதற்கு இடமே இருக்காது. எல்லாம் வழவழவென்று ஓடும். அதனால் அங்கே பார்வையுள்ளவர் குறித்த இடங்களை மட்டும் பார்த்தால் போதாது. மறுபடியும் முதல் வரியிலிருந்து, படத்தை முதலில் படித்துவிட்டு அப்புறம் கோப்பைப் படித்து, வரிக்கு வரி போக வேண்டியிருக்கிறது. வரிசை மாறி கோப்பை முதலில் படித்துவிட்டால், படத்திலும் அதுவே இருப்பதாகக் கண் சொல்லிவிடும்.